எங்கே மாட்டுச்சு என்று கேட்டால்

சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களின் போட்டோக்களைக் கொஞ்ச நாள் கவனித்தால் ஒன்று புரியும். மீன் பெரிதாகப் பெரிதாகப் பின்னணி சின்னதாகிக்கொண்டே போகும். அரைக் கிலோ ஜிலேபி மீன் பிடித்தவன் பாலம், படகு, கூட வந்த மச்சான் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவான். ஆறு கிலோ கொடுவா பிடித்தவனுக்குப் பின்னால் வெறும் வானம்தான் இருக்கும். காரணம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கழிமுகத்தில் எங்கே நின்று எடுத்தாலும் ஏதாவது ஒரு மூலையில் அவை வந்து நிற்கும், அவை எந்தப் பக்கம் தெரிகின்றன, எது எதை மறைக்கிறது என்று பார்த்தே ஆள் நின்ற இடத்தை ஐம்பது அடிக்குள் சொல்லிவிடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படிக் கண்டுபிடித்துப் போயிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் போனேன்.

தூண்டில்காரன் வாயில் உண்மை வராது என்பது ஊரறிந்த சங்கதி. காசிமேட்டில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டியிருக்கிறார்களே, தூண்டில் வளைவு (பெயரைப் பாருங்கள், நாங்கள் அதன் மேலேயே நின்று தூண்டில் போடுகிறோம்), அங்கே ஒரு சாயங்காலம் போய் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

"இன்னாண்ணே, எதுனா மாட்டுச்சா?"

"எங்கப்பா. சும்மா காத்து வாங்க வந்தேன்."

பக்கத்தில் இருக்கும் ஈரச் சாக்கு துள்ளிக்கொண்டிருக்கும்.

இந்த ஒளிவுமறைவு அற்பத்தனமா, அவசியமா என்று எங்களுக்குள் ஓயாத சண்டை. தெரிந்ததை நாலு பேருக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு கட்சி. சொன்னால் மீனே குறைந்துவிடும் என்று இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் 'ரகசியம்' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் கைப்பக்குவம். உயிர் இறாலை முள்ளில் கோர்ப்பதையே எடுத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் நடு உடம்பில் குத்துவார்கள், இறால் ரெண்டு நிமிஷத்தில் வெள்ளையாகிச் செத்துவிடும். தலைக்கு மேல் ரம்பம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தக் கொம்புக்குக் கீழே ஓட்டின் வழியாகக் கருப்பாக ஒரு புள்ளி தெரியும். அந்தக் கருப்பைத் தொடாமல், அதற்கு முன்னால், மெல்லிய முள்ளைக் கொம்படியில் குறுக்கே விட வேண்டும். அப்படிக் கோர்த்த இறால் தண்ணீருக்குள் நெடுநேரம் காலை அடித்துக்கொண்டே இருக்கும், அந்த அசைவுக்குத்தான் கொடுவா வரும். கருப்பில் முள் பட்டதோ, கதை முடிந்தது. அடுத்தது, கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், ஆகவே ரீலில் சுற்றியிருக்கும் மெல்லிய நூலின் முனையில் ரெண்டு முழம் தடித்த தங்கூசி நரம்பு கட்டாமல் போடுகிறவர்கள் மீன் அறுத்துக்கொண்டு போன கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் வத்தம், அதாவது கடல் நீர் வடிகிற நேரம். ஏத்தம் முடிந்து தண்ணீர் கடல் பக்கம் இறங்க ஆரம்பிக்கும்போது, அலையாத்திச் செடிகளுக்குள்ளும் சேற்றுத் திட்டிலும் மேய்ந்துகொண்டிருந்த இறாலும் பொடி மடவையும் தண்ணீரோடு சேர்ந்து இறங்கித்தான் ஆக வேண்டும். கொடுவா ஓடி ஓடித் துரத்துகிற மீன் இல்லை. ஒரு கல்லுக்கோ பாலத்தின் காலுக்கோ பின்னால் ஓட்டம் குறைவான இடமாகப் பார்த்து, வரும் தண்ணீரை எதிர்நோக்கி மூஞ்சியை வைத்துக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் கல்லின் மேலேயே இரையைப் போட்டால் வேலைக்கு ஆகாது, தண்ணீர் வருகிற பக்கமாகத் தள்ளிப் போட்டு, அது தானாகக் கொண்டுவந்து கொடுக்கும்படி விட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தவத்தம் பெரிதாக இருக்கும். பெரிது என்றால் சென்னைக் கடலில் ஒரு மீட்டர் சொச்சம்தான், ஆனால் ஆழமில்லாத இந்தக் கழிமுகத்துக்கு அதுவே அதிகம். தினமும் கிட்டத்தட்ட ஐம்பது நிமிஷம் நேரம் தள்ளிப்போகும் என்பதால் இன்று விடிகாலை ஐந்துக்குக் கிடைத்த தண்ணீர் நாளைக்கு அதே நேரத்தில் கிடைக்காது.

இவ்வளவையும் எழுதிவிட்டேன், எனக்கு ஒரு மீன்கூடக் குறையப்போவதில்லை. பீச் ரோடு பக்கம் அத்தோ கடையில் மாஸ்டர் எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னால்தான் பிசைகிறார். நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், எண்ணெய், எதையும் மறைப்பதில்லை, பர்மாவிலிருந்து வந்தவர்கள் தள்ளுவண்டி போட்ட காலத்திலிருந்தே அப்படித்தான். வீட்டில் போய்ச் செய்து பாருங்கள், வராது. அதற்கு அந்தக் கை வேண்டும். முடிச்சும் இரையும் வத்தமும் அந்த வகை. சொன்னாலும் பத்துப் பேரில் எட்டுப் பேர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வரப்போவதில்லை. இதையும் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாட்டி வைத்தியம் சொல்லாமலேயே கண்ணை மூடின கிழவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இடம் அப்படி இல்லை.

கொடுவாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். அது முதலில் ஆணாகப் பருவமடையும், இன்னும் சில வருஷம் வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறும். ஆக, நாம் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிற பெரிய மீன் பெரும்பாலும் பெண்தான், லட்சக்கணக்கில் முட்டை விடக்கூடியது. முட்டை விட உப்புத் தண்ணீர் வேண்டும் என்பதால் முகத்துவாரத்துப் பக்கம் இறங்கி வரும், வரும் வழியில் வசதியான மறைவுகளில் தங்கும். மறைவு என்றால் ஏக்கர் கணக்கில் இல்லை. நான் சொல்வது ஒரு உடைந்த கான்கிரீட் தூண், அதன் அடியில் தண்ணீர் குடைந்த ஒரு பள்ளம், ஒரு மாட்டுவண்டி அளவு. ஒரு நேரத்தில் அங்கே மூணு மீன் இருந்தால் அதிகம்.

அப்படி ஒரு தூண் எங்கள் நாலு பேருக்குத் தெரியும். தெரிந்திருந்தது. எங்களில் ஒருவன், நல்ல பையன்தான், கல்யாணமான புதிது, சந்தோஷத்தில் பின்னணியைக் கவனிக்காமல் ஒரு போட்டோவைப் போட்டுவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பதினோரு பேர். அதற்கடுத்த வாரம் வண்டி நிறுத்த இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், மீன் உடனே நின்றுவிடவில்லை, ஒரு மாதத்துக்கு மேல் நன்றாகவே மாட்டிக்கொண்டிருந்தது. "பார்த்தியா, எத்தனை பேர் வந்தாலும் மீன் இருக்குது, நீங்கதான் சும்மா பயந்தீங்க" என்று எங்களிடமே சொன்னார்கள். அது எப்படி என்றால், நல்ல மறைவு காலியானதும் பக்கத்தில் சுமாரான மறைவில் இருக்கும் மீன் அங்கே வந்து குடியேறும். அதைப் பிடித்தால் அதற்கும் அந்தப் பக்கம் இருப்பது வரும். சுற்றுவட்டாரம் முழுக்க வற்றிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு பள்ளம் மட்டும் கடைசி வரை நிறைந்தே தெரியும், பிறகு ஒரு நாள் சட்டென்று ஒன்றும் இருக்காது. கிணறு சுற்றியிருக்கும் நிலத்தடி நீரையெல்லாம் இழுத்துக்கொண்டு கடைசி வாளி வரை தண்ணீர் காட்டுகிற மாதிரி. நான் கடைசியாகப் போனபோது தூணைச் சுற்றி அறுந்த நரம்பு கொத்துக் கொத்தாகத் தொங்கியது, அதில் ஒரு நீர்க்காகம் இறக்கையோடு சிக்கிக் காய்ந்து போயிருந்தது. முள்ளை எடுக்க முயற்சி செய்தேன், முடியவில்லை, நரம்பை மட்டும் அறுத்துவிட்டு வந்தேன். அது எந்தத் தூண் என்று கேட்காதீர்கள், இன்னும் ரெண்டு வருஷம் கழித்து ஒருவேளை மீன் திரும்பலாம்.

கைப்பக்குவமும் சில சமயம் சொல்லக்கூடாத பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பதற்கு விரால் ஒரு உதாரணம். செங்குன்றம், மாதவரம் பக்கத்து ஏரிகளில் மழைக்காலத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரு பந்தாகச் சேர்ந்து மூச்செடுக்க மேலே வரும், கீழே பெற்றது காவலுக்கு நிற்கும். அந்தப் பந்துக்குப் பக்கத்தில் ரப்பர் தவளையைப் போட்டு இழுத்தால் காவல் மீன் அடித்தே தீரும். பசிக்காக இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. இதைவிடச் சுலபமான தூண்டில் கிடையாது. பெரியதைத் தூக்கிய அடுத்த நிமிஷத்தில் அந்தக் குஞ்சுகளை ஜிலேபியும் கெண்டையும் சூழ்ந்துகொள்ளும். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கிற வீடியோக்கள் எக்கச்சக்கம், குஞ்சைப் பற்றி அவற்றில் யாரும் பேச மாட்டார்கள். இந்த ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கலாம், பணம் கட்டியவர் ஒருவர் இருக்கலாம் என்பதும் அவற்றில் வராது.

ஆழ்கடல் கதை முற்றிலும் வேறு. அங்கே மீன் எங்கே இருக்கிறது என்பதை அரசாங்கமே வெளிச்சம் போட்டுச் சொல்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ், அதாவது பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் மூலம் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் தண்ணீரின் பச்சையத்தையும் பார்த்து, இன்ன திசையில், இன்ன தூரத்தில், இன்ன ஆழத்தில் மீன் கூட வாய்ப்பிருக்கிறது என்று தமிழிலேயே அறிவிப்புக் கொடுக்கிறது. அந்தத் தகவலின் ஆயுள் ஓரிரு நாள், அதற்குள் நீரோட்டம் மாறும், மீன் நகரும். சாளையும் கானாங்கெளுத்தியும் கூட்டமாக அலைகிற மீன்கள், ஓர் இடத்தில் வாடகைக்கு இருப்பவை அல்ல. அதனால் அதைச் சொல்வதில் டீசல் மிச்சமாகிறதே தவிர அந்த இடத்தை யாரும் காலி செய்துவிடுவதில்லை. அதே காசிமேட்டுப் படகில் ஜிபிஎஸ் கருவிக்குள் டிரைவர் சேர்த்து வைத்திருக்கும் பாயிண்ட்டுகளைக் கேட்டுப் பாருங்கள், கொடுக்க மாட்டார். அவை பார்கள், கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுகள், நகராதவை. கருவி வருவதற்கு முன்னாலும் இப்படித்தான். கரையில் ஒரு கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவந்து, இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடியைப் பிடித்து, ரெண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பாரைக் கண்டுபிடிப்பார்கள். தெற்கே கன்னியாகுமரிப் பக்கமும் இதே வழக்கம் உண்டு. அந்தக் கணக்கு அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற சொத்து. நகர்கிற மீனுக்குத் தகவலைத் தாராளமாகவும், நகராத இடத்துக்குத் தகவலைக் கஞ்சத்தனமாகவும் வைத்திருக்கிற அவர்களின் வழக்கம் கஞ்சத்தனத்தால் வந்ததில்லை.

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது, எண்ணூரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில், பழவேற்காட்டில். ஏரியில் இறால் ஓடுகிற தடங்கள் எவை என்பது அங்கே எந்தக் குப்பத்துப் பிள்ளைக்கும் தெரியும், அதில் ரகசியமே கிடையாது. ஆனால் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைக் குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம், இன்று சுமார் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் நல்லது. இதில் குறையும் உண்டு. பாடு உரிமை பரம்பரையாகச் சில குப்பங்களின் பட்டினவர் குடும்பங்களுக்குத்தான், மற்றவர்கள் வெளியே நின்றார்கள், அதை வைத்துச் சண்டைகளும் நடந்திருக்கின்றன. இருந்தாலும் அதில் இருக்கும் யோசனையைப் பாருங்கள். அறிவு எல்லோருக்கும் பொது, இறங்குவதற்குத்தான் வரிசை.

தூண்டில் போடும் எங்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. ஊர்க்கூட்டம் இல்லை, குலுக்கல் இல்லை, இத்தனை மீனுக்கு மேல் எடுக்காதே என்று சொல்ல ஆள் இல்லை. விசைப்படகுக்காவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது, கல்லின் மேல் நிற்கும் ராடுக்கு அதுவும் இல்லை. வரிசை வைக்க யாரும் இல்லாத இடத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் வரிசையின் வேலையைச் செய்கிறது. மோசமான வேலைதான், நியாயமான வேலை இல்லை, தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் மட்டும் உள்ளே வருவான். ஆனால் அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தத் தூணும் நீர்க்காகமும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. 'என் ஸ்பாட்' என்று நாங்கள் பொத்தி வைத்திருக்கும் இடம் முக்கால்வாசி நேரம் எங்கள் ஸ்பாட்டே இல்லை. நெட்டுக்குப்பத்து ஆட்களும் தாழங்குப்பத்து ஆட்களும் காட்டுக்குப்பத்து ஆட்களும் தலைமுறை தலைமுறையாக வலை போட்ட தண்ணீர் அது. நாம் ஆறு மாதம் அலைந்து கண்டுபிடித்ததாக நினைக்கிற பள்ளத்துக்கு அவர்களிடம் ஒரு பெயரே இருக்கும். இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்கள் தடவிக்கொண்டிருக்கும் ஓரத்தில் போய் நின்று முள் வைத்த போலி இரும்பு மீனை வீசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு அது அன்றைய அரிசி. ஒரு இடத்தை ஊருக்கே சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்ல நாம் யார் என்றும் ஒரு கேள்வி இருக்கிறது.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடலாமா என்றால், எண்ணூரில் அதுவும் ஆபத்து. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக் கடற்கரை முழுக்க எண்ணெய் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் பரவியது. படகும் வலையும் கருப்பாகிப் பல நாள் தொழிலே நடக்கவில்லை. சாம்பல் கழிவு வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆற்றின் ஆழத்தையே குறைத்திருக்கிறது. இப்படி ஒரு இடத்தில், இங்கே மீனே இல்லை, இது செத்த தண்ணீர் என்று சொல்லிவிட்டால் சிலருக்கு ரொம்ப வசதி. கொடுவா எந்த மாதம் வந்தது, எவ்வளவு பெரிது, எண்ணெய்க்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்ற கணக்கு குப்பத்து ஆட்களின் ஞாபகத்திலும், எங்களைப் போன்றவர்களின் போனுக்குள் புதைந்திருக்கும் போட்டோவிலும்தான் இருக்கிறது. நாங்கள் 'காத்து வாங்க வந்தேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அது உண்மையாகிவிடும், காற்று வாங்குவதற்கு மட்டும்தான் அங்கே போக வேண்டியிருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், அழியும் நிலையில் இருக்கும் ஒன்றைப் பதிவிட்டால், அதன் சரியான இடத்தை மறைத்து இருபது கிலோமீட்டர் சொச்சம் பரப்புக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். எண்ணூரில் பார்த்தது பழவேற்காட்டுப் பக்கம் தெரியலாம். பறவை பார்க்கிறவர்கள் கூடு இருக்கும் மரத்தைச் சொல்லமாட்டார்கள், பறவை வந்ததை மறைக்கவும் மாட்டார்கள். இன்ன மீன், இன்ன மாதம், இன்ன அளவு, எண்ணூர்க் கழிமுகம், அவ்வளவு போதும். தூணின் நம்பர் வேண்டாம்.

ஆபத்து மட்டும் இதில் சேராது. முகத்துவாரத்து மணல் திட்டு வாராவாரம் இடம் மாறும், போன வாரம் முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்த வாரம் ஆளை இழுக்கும். தூண்டில் வளைவில் பாசி பிடித்த கல் எது, கொண்டல் அடிக்கும்போது எந்த முனையில் நிற்கக்கூடாது, எண்ணெய் வாடை வருகிற மீனை வீட்டுக்குக் கொண்டுபோகாதே, இதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது வேறு ரகமான குற்றம். மீனை மறைக்கிற ஆள் இதையும் சேர்த்து மறைத்துவிடுகிறார், ஏனென்றால் இங்கே நிற்காதே என்று சொன்னால் எங்கே நிற்பது என்று அடுத்த கேள்வி வரும்.

எங்கள் நாலு பேருக்குள் இப்போது ஒரு ஏற்பாடு. போட்டோ ஒரு வாரம் கழித்துத்தான் வெளியே போகும். போனில் இடம் பதிவாகிற வசதியை அணைத்துவிட வேண்டும், அதை மறந்துவிட்டு வானத்தைப் பின்னணியாக வைத்து என்ன பிரயோஜனம். ஐந்து கிலோவுக்கு மேல் இருந்தால் தண்ணீரை விட்டு ரொம்பத் தூக்காமல் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவது, இதில் எனக்கே சில சமயம் மனசு வராது. புதிதாக யாராவது நிஜமாகவே கற்றுக்கொள்ள வந்தால் இடத்தின் பெயரைச் சொல்வதில்லை, கூடவே கூட்டிக்கொண்டு போகிறோம். நாலு விடிகாலை வந்தவன் ஐந்தாவது முறை தானே வருவான், அதற்குள் அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போடவும் பழகியிருப்பான்.

அந்தப் புது மாப்பிள்ளை மறுபடியும் போன வாரம் ஒரு கொடுவாப் படம் அனுப்பினான். ரொம்ப ஜாக்கிரதையாக எடுத்திருந்தான், கீழே கல் தெரியவில்லை, பின்னால் பாலம் தெரியவில்லை, வெறும் வானம். "எப்படிண்ணே, இப்ப ஓகேவா?" என்று கேட்டிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் போட்டிருந்த கூலிங் கிளாஸில் புகைபோக்கி வரிசையாகத் தெரிந்தது.